கடைசி அத்தியாயத்தில் நடந்தவள்

கதைகளில் வருகிற நொண்டிகளை எனக்குப் பிடிக்காது. நானே நொண்டி என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் சொன்னால் சண்டைக்கு வருவேன். கதையில் வந்தவர்கள் எல்லோரும் அழகாக இருந்தார்கள். காலில் ஏதோ குறை என்பார்கள், என்ன குறை என்று எழுதியவர் கடைசிவரை புடவையை விலக்கிப் பார்த்திருக்க மாட்டார். ஒருத்திக்கும் தொடையில் புண் கிடையாது. ஒருத்தியும் கக்கூஸுக்குப் போனதில்லை. குந்தி உட்கார முடியாதவள் எங்கள் லைன் வீட்டுக் கக்கூஸில் என்ன பாடுபடுவாள் என்று எவராவது ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன். எழுதவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வீணை வாசித்தாள், தங்கைக்காக மாப்பிள்ளையை விட்டுக்கொடுத்தாள், கடைசியில் ஒன்று செத்துப்போனாள், இல்லாவிட்டால் எழுந்து நடந்தாள்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கேயும் நொண்டி நொண்டியாகவே, உயிரோடு இருக்கிறாளா? இல்லையென்றால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுவேன். அல்சூர் கடைத்தெருவில் புத்தகம் வாடகைக்குக் கொடுத்தவர் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். முடிவைப் படித்துவிட்டுப் புத்தகத்தை எடுக்காமல் போகிறவள் அவருக்கு என்ன வாடிக்கை?

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள். அப்பா கோலார் தங்கவயலில் பாறை துளைக்கிற வேலை பார்த்து, மார்பு நிறையக் கல்தூளை வாங்கிக்கொண்டு, வேலைக்கு ஆகமாட்டார் என்று அனுப்பப்பட்ட பிறகு பெங்களூருக்கு வந்தவர். அவர் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். பக்கத்தில் சாம்பல் போட்ட தகர டப்பா இருக்கும், எச்சில் துப்புவதற்கு. அதைத் தினமும் கொட்டிக் கழுவுவது என் வேலை. இதுவும் எந்தக் கதையிலும் வந்ததில்லை. கதையில் நோயாளி வெள்ளைக் கைக்குட்டையில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைப்பான், அப்புறம் இரண்டு பக்கத்துக்குக் காதல் வசனம் பேசுவான். அப்பா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "இருமிகினே எவனால பேச முடியும்? நான் கதை எழுதினா மூச்சு வாங்கறதே பத்துப் பக்கம் வரும்" என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவர் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

என் கதைக்கு வருகிறேன். மூன்று வயதில் ஜுரம் வந்து, இடது கால் இடுப்புக்குக் கீழே சூம்பிப்போனது. கன்னடக்காரர்கள் என்னைப் பார்த்து 'பாப' என்பார்கள், நம்மவர்கள் 'பாவம்' என்பார்கள், பட்டாணிக் கடை பீபி 'பேச்சாரி' என்பாள். மூன்று பாஷையிலும் எனக்கு ஒரே கோபம்தான். பதினாறு வயதுவரை கம்பை ஊன்றி இழுத்து இழுத்து நடந்தேன். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிப் பட்டறையில் என் காலுக்கு அளவெடுத்து ஒரு இரும்பு செய்து கொடுத்தார்கள். அங்கே அதற்குக் காலிப்பர் என்று பெயர், எங்கள் வீட்டில் இரும்பு. காலின் இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள், தொடையில் தோல்பட்டை, கீழே கம்பிகளைச் செருகிக்கொள்ள ஒரு பூட்ஸ், முழங்காலில் இரண்டு வளையங்கள். எழுந்து காலை நீட்டியதும் வளையம் கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் கால் மடங்காது, நிற்கலாம். கூடவே ஒரு சின்ன அச்சுப் புத்தகமும் தந்தார்கள்: வளையத்துக்கு எண்ணெய் போடு, தோல் உரசுகிற இடத்தில் புண் வருகிறதா என்று தினமும் பார், கழற்றி வைத்துவிட்டுச் சோம்பேறியாகக் கிடந்தால் முழங்கால் மடங்கி நின்றுவிடும், அப்புறம் நீட்டுவது கஷ்டம். நொண்டிகளைப் பற்றி அதுவரை நான் படித்தவற்றில் பொய் சொல்லாத புத்தகம் அது ஒன்றுதான்.

அந்த இரும்பைப் போட்டுக்கொண்டுதான் டைப்ரைட்டிங் கற்றேன், இரண்டு பரீட்சை தேறினேன். ஊரைச் சுற்றிப் புதிது புதிதாக சர்க்கார் ஃபாக்டரிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் முதல் தேதி போய்ச் சேரவேண்டும். அப்பாவின் மருந்துக்கும் அரிசிக்கும் அந்த வேலையைத்தான் வீடு நம்பியிருந்தது. எனக்கோ அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது: பஸ்ஸில் மற்றவர்களோடு முண்டியடித்து ஏறி, என் மேஜை என்று ஒன்றின் முன்னால் போய் உட்கார வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அந்தத் தொடர்கதை முடிந்தது.

மெட்ராஸ் ரயிலில் வருகிற வாரப்பத்திரிகை ஒன்றை எங்கள் லைனில் மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கினோம். முதலில் எதிர்வீட்டு அக்கா படிப்பாள், பிறகு மூலைவீடு, கடைசியில் நாங்கள். கடைசி வீட்டுக்குத்தான் கத்தரிக்கிற உரிமை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வெட்டி வரிசையாகச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணியூசியால் தைத்து, மைதாப் பசையில் துத்தம் கலந்து பழைய காலண்டர் அட்டையை ஒட்டிப் புத்தகமாக்குவேன். துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அப்படி நான் தைத்த புத்தகங்கள் அல்சூர் முழுக்க இரவல் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாரா வாரம் வாசித்துக்காட்டுவேன்.

அந்தக் கதையின் நாயகி நொண்டி. ஆரம்பத்திலேயே நான் அம்மாவிடம், இவள் ஒன்று சாவாள், இல்லை நடப்பாள், பந்தயம் கட்டு என்றேன். அம்மா என் வாயில் ஒன்று வைத்தாள். கடைசி அத்தியாயம் வந்தது. நாயகி மலைக்கோயிலுக்கு ஏறுகிறாள், அம்மன் சந்நிதியில் ஊன்றுகட்டைகளை வீசி எறிகிறாள், சலங்கைச் சத்தம் கேட்கிறது, நடந்து இறங்குகிறாள். பத்திரிகையை மூலையில் எறிந்துவிட்டு, வாசிக்க மாட்டேன் என்றேன். அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அக்கா ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுத சத்தம் எங்கள் சமையற்கட்டுவரை கேட்டது. அன்றைக்குச் சோறு குழைந்துபோய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, வேலை கிடைத்ததற்கு அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றாள் அம்மா. ஆனேக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிற கோயில். சாதாரணமாகக் கூப்பிட்டாள், நானும் சாதாரணமாகப் போனேன். எதிர்வீட்டு அக்காவும் கூட வந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோயிலுக்குள் நான் போவதில் ஒரு சிக்கல் உண்டு. செருப்பை வாசலில் விடவேண்டும். என் செருப்பு இரும்போடு சேர்ந்தது. அதைக் கழற்றினால் என் காலே கழன்றது மாதிரி. அதனால் எந்தக் கோயிலிலும் வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு அம்மா, வேலை கொடுத்த தெய்வத்தை உள்ளே போய்ப் பார்க்காமல் வருவதா என்றாள். சரி என்று வாசலில் உட்கார்ந்து பட்டைகளை அவிழ்த்து, இரும்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அக்கா தோளைப் பிடித்துப் பாதியும், உட்கார்ந்து நகர்ந்து பாதியுமாக உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வாசலில் பூட்ஸ் மட்டும் தனியாகக் கிடந்தது.

கோயிலுக்கு எதிரே ஒரு மரம். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மரத்தொட்டில் கட்டுகிற மரம். அந்தத் தொட்டில்களுக்கு நடுவே, மஞ்சள் துணி சுற்றி, என் இரும்பு தொங்கியது. என் கைக்கு எட்டாத உயரம். பூட்ஸ் தோல் என்பதால் சாமிக்கு ஆகாது என்று அதை மட்டும் கழற்றிக் கீழே விட்டிருந்தாள் என் தாய். தொடைப்பட்டையும் தோல்தான், அது அவள் கண்ணில் படவில்லை.

"எழுந்திருடி. இப்போ நட" என்றாள் அம்மா. அவள் கை கூப்பியிருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. அக்கா குலவை போட்டாள்.

நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது, பத்திரிகைகள் அச்சிடாது. கூட்டம் கூடிவிட்டது. அவிழ்த்துக் கொடுங்கள் என்று ஒவ்வொருவர் காலையும் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சாமிக்குக் கட்டியதை அவிழ்த்தால் கை விளங்காது என்று பின்வாங்கினார்கள். பெற்றவளை இப்படிப் பேசுகிற வாய்க்குத்தான் கால் போயிற்று என்றார் ஒரு பெரியவர். கடைசியில் யாரோ இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு கீழே இறக்கி பஸ்ஸில் போட்டார்கள். வழி முழுக்க 'பாப, பாப' என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

அப்புறம் வீட்டில் தரையில் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். ஆஸ்பத்திரிப் பட்டறையில் வேறு இரும்பு கேட்டதற்கு, முன்னால் எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஆறேழு மாதம் ஆகும் என்றார்கள். பழைய கம்பை ஊன்றிப் பார்த்தேன். மூன்று வருஷம் இரும்பில் நிமிர்ந்து நடந்த உடம்புக்கு அது மறந்துபோயிருந்தது, இரண்டு தடவை விழுந்து உதடு கிழிந்ததுதான் மிச்சம். அந்தக் கோலத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போவது கனவிலும் நடக்காது. அச்சுப் புத்தகத்தில் சொன்னபடியே முழங்கால் மெல்ல மடங்கத் தொடங்கியது. தினமும் கையால் அழுத்தி நீட்டுவேன், மறுநாள் திரும்ப மடங்கியிருக்கும். காலையில் எதிர்வீட்டு அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டே, "இன்னாம்மா, நடக்குதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். அம்மா, "கொஞ்சம் கொஞ்சமா" என்பாள். நான் அடுப்பங்கரையில் புட்டத்தைத் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்தபடியே சொல்வாள். அதிசயத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், என் காலின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டாள். பெற்ற தாயை நான் வெறுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை மென்று முழுங்க எனக்கு மனசில்லை.

முதல் தேதிக்கு நாலு நாள் இருக்கும். அப்பா விடியற்காலையில் கோட்டை மாட்டி, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் இறங்கினார். தெருமுனைக் கடைக்குப் போகவே மூன்று இடத்தில் உட்காருகிறவர். எங்கே என்று அம்மா கேட்டாள்.

"கோயிலுக்கு. நான் ஏறி அவுத்துகினு வரேன். என்னை இறக்கறதுக்கு நாலு பேரை மட்டும் நீ அனுப்பு."

சத்தம் போடாமல், மூச்சுக்கு நடுவில் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருமுனைவரை போய், சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்குவது எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. மறுபடி எழுந்து நடக்கப் பார்த்தார். அம்மா ஓடிப்போய் அவரைப் பிடித்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, புடவையை மாற்றிக்கொண்டு, பூட்ஸைப் பையில் போட்டாள். கிளம்பு என்றாள்.

அந்தக் குன்றில் நான் உட்கார்ந்தபடி ஏறினேன். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக. இப்படி ஏறும் நாயகியை எந்த எழுத்தாளரும் எழுத மாட்டார். புடவை கிழிந்தது, உள்ளங்கை உரிந்தது. அம்மா பையையும் என் கம்பையும் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். தூக்கிவிடவா என்று ஒருதரம் கேட்டாள். தொடாதே என்றேன்.

மேலே போனால், மரத்தைச் சுற்றிக் கூட்டம். மழையில் நனைந்து என் இரும்பு துருவேறியிருந்தது. மேலெல்லாம் குங்குமம், பூ, கீழே ஒரு அகல்விளக்கு. பக்கத்தில் பூ விற்கிறவள் வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு பெண்ணாம், பிறந்ததிலிருந்து நடக்காதவளாம், இதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சலங்கைச் சத்தம் கேட்க ஓடியே இறங்கினாளாம். சலங்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காதான் அன்றைக்கே மரத்தடியில் கதையைப் பரப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தப் பெண் நான்தான் என்றேன். பூக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா? நீ நடக்கலையேம்மா" என்று சிரித்தாள். கூட்டமும் சிரித்தது.

நான் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து, கம்பால் இரும்பை எட்டித் தட்டினேன். கம்பைப் பிடுங்கினார்கள். சாமி குத்தம் என்றார்கள், திருட்டு என்றார்கள், ஒருத்தி என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அந்தத் தள்ளலில் கீழே விழுந்தவள் நேரே பார்த்தேன்: என் எதிரே ஒரு சின்ன வயதுத் தாய். இடுப்பில் நாலைந்து வயதுப் பெண்குழந்தை, அதன் ஒரு கால் துவண்டு தொங்கியது. தாயின் கையில் மஞ்சள் துணி. துணிக்குள்ளே ஒரு குட்டி இரும்பு, பளபளவென்று புதிதாக. பட்டறையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். "சொல்லு" என்றேன். அவள் முந்தானையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு தெருவுக்கே காப்பி போட்டுக் கொடுத்துக் கட்டிக்காத்த பொய்யாயிற்றே. "உன் பொண்ணு நடக்கிறாளா இல்லையா, சொல்லு" என்றேன்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்கதானா இதைக் கட்டினது? நிஜமா நடந்துச்சாம்மா?"

அம்மா அந்தக் குழந்தையின் காலைப் பார்த்தாள்.

"நான்தான் கட்டினேன். நடக்கல. அன்னியிலிருந்து தரையிலதான் தேய்ச்சிகினு கீறா."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தா?"

"விட்டுத்தான் பார்த்தேன். மொழங்காலு மடங்கிப் போச்சு. நீ கட்டாத."

பூக்காரி அம்மாவைத் திட்டத் தொடங்கினாள். கும்பிடத் தெரியாதவள், நம்பிக்கை இல்லாதவள், தாயா நீ என்று ஏதேதோ சொன்னாள். அம்மா மரத்தடிக் கல்மேல் ஏறி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை, கை விளங்காமல் போகப்போவது அவளுடையதுதானே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. குழந்தையோடு வந்த அந்தத் தாய் என்ன செய்தாள் என்று நான் கடைசிவரை பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

எல்லோர் கண்ணெதிரிலும் புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு இரும்பை மாட்டினேன். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் சுருட்டினேன். காலை நீட்டினால் வளையம் விழவில்லை. முழங்கால் பாதி மடங்கியிருந்தது, வளையத்தில் துரு. தேங்காய் உடைக்கிற கல்லை எடுத்து அம்மா கையில் கொடுத்து, தட்டு என்றேன். அவள் ஒரு கையால் முழங்காலை அழுத்தி, ஒரு கையால் தட்டினாள். நான் போட்ட கூச்சலில் குழந்தைகள் அழுதன. வளையம் விழுந்து பூட்டிக்கொண்டது. எழுந்து நின்றேன், வலியில் வாந்தி எடுத்தேன், படியோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் தேதி வேலைக்குப் போனேன். சாயங்காலம் தொடைப்பட்டை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அம்மா வெந்நீர் விட்டுப் பிரித்தாள். அவளோடு நான் சரியாகப் பேச வருஷம் ஆயிற்று. முழங்கால் முழுசாக நீளவே இல்லை. அந்தத் தொடர்கதையை நான் தைக்கவில்லை, பக்கங்களை அடுப்பில் போட்டேன். எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்டு இரண்டு மாதம் சண்டை போட்டாள்.

ஆனால் நாங்கள் குன்றிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் ஒன்று நடந்தது. நான் உள்ளே உட்கார்ந்து வளையத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் துடைப்பச் சத்தம் நின்றது. அக்கா வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கிற குரலில், "இன்னாம்மா, நடக்குதா?" என்றாள்.

அம்மாவும் தெருவுக்கே கேட்கிற குரலில் பதில் சொன்னாள்.

"நொண்டிதான்க்கா. இரும்பு போட்டா நடப்பா."